அக்கா எண்ணிய மூன்று

"ஆ வண்டி ஓடிச்சது ஆரா? ஈ கோடதி முறியில் உண்டோ ஆ ஆளு?"

சர்க்கார் வக்கீல் கேட்டுவிட்டுக் கையிலிருந்த காகிதக் கட்டை மேசைமேல் வைத்தார். அந்தக் காரை ஓட்டியது யார், அந்த ஆள் இந்த அறையில் இருக்கிறாரா என்பது கேள்வி. கேட்கப்பட்டவள் என் அக்கா லில்லி. ஞாயிறு ஆராதனைக்கு உடுத்தும் வெள்ளைச் சேலையில், சாட்சிக் கூண்டின் மரச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறேழு அடி தள்ளி, குற்றம் சாட்டப்பட்ட 'பிரதி'க்கான கூண்டில், அவளுடைய மகளைக் கார் ஏற்றிக் கொன்றவன் நின்றான்.

அக்கா பதில் சொல்லவில்லை.

கடைசி பெஞ்சில் ஈரக் குடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த நான் மனத்துக்குள் எண்ணத் தொடங்கினேன். மேலே மின்விசிறி கடகடத்தது. வெளியே கேரளத்து ஜூன் மாத இடவப்பாதி மழை நெய்யாற்றின்கரை ஊரைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. வராந்தாவில் யாரோ இருமினார்கள்.

அந்த மௌனத்தை அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்த வாரம் அதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கை கூசுகிறது. ஆனாலும் எழுதாமல் இந்தத் தொடரை முடித்தால், இதுவரை எழுதியதெல்லாம் வெறும் வாய்ச்சவடால் ஆகிவிடும்.

ஒரே அறை, இரண்டு மணி நேரம்

நான் படத்தொகுப்பாளன் என்பது தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மற்றவர்கள் வெயிலில் காய்ந்து எடுத்து வருவதைக் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் பேர் வாங்குகிற ஆள். பிறந்தது பாறசாலை, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊர்.

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "முழுக்க ஒரு நீதிமன்ற அறைக்குள்ளேயே நடக்கிற படம். பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஒரு தடவைகூட அந்த அறையை விட்டு வெளியே போகவில்லை. ஆனால் நான் ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்கவில்லை. அது எப்படி?"

வித்தை பெரிதாக ஒன்றுமில்லை ஐயா. முதலில் கதவைச் சாத்த வேண்டும். வெளியே நடந்த விபத்தைக் காட்டவே கூடாது. காட்டிவிட்டால் பார்க்கிறவன் சாட்சியாகிவிடுவான், அவனுக்குக் கவலை போய்விடும். காட்டாமல் விட்டால் அவனும் நீதிபதியோடு உட்கார்ந்துகொண்டு, கூண்டில் நிற்கிறவளின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்.

வக்கீல் கேள்வி கேட்கும்போது வக்கீலைக் காட்டுகிறவன் கற்றுக்குட்டி. கேள்வி யார் தலையில் போய் விழுகிறதோ அந்த முகத்தைக் காட்ட வேண்டும். பிறகு சத்தம். படம் தொடங்கியதிலிருந்தே மின்விசிறியின் சத்தத்தை ஓடவிட வேண்டும். காது அதற்குப் பழகி, அதை மறந்துவிடும். வேண்டிய இடத்தில் சட்டென்று அதை எடுத்துவிட்டால் திரையரங்கே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். எதை எடுத்தோம் என்று ஒருவருக்கும் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலே மௌனம். குற்றவாளி யாரென்று பார்க்கிறவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவள் விரல் அவனைக் காட்டப்போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அந்த விரல் எழுவதற்கு மூன்று விநாடி தாமதம். அதற்குள் அவள் கண் வக்கீலிடம் போக வேண்டும், பிறகு தட்டச்சு செய்கிற ஊழியரிடம், வாசலில் நிற்கும் போலீஸ்காரரிடம், கடைசியில்தான் அவனிடம். இரண்டு விநாடி கொடுத்தால் போதாது. நான்கு கொடுத்தால் சந்தேகம் வந்துவிடும், இவளுக்கு உண்மையிலேயே ஆள் தெரியுமா தெரியாதா என்று.

இந்தக் கடைசி வரியை எத்தனையோ பயிற்சிப் பட்டறைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். சொன்னவன் காதில் அது விழவில்லை.

கேட்டு முடிக்கும் முன்னே

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாறசாலைக்குப் பக்கத்தில் காரோடு என்ற ஊரில் ஓர் அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கிறாள். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவது அவள் பிறவிக் குணம்.

அவளுடைய கல்யாணத்தன்று போதகர், "இந்த மனிதனை உன் கணவனாக..." என்று ஆரம்பித்தார். "சம்மதம்" என்றாள் அக்கா. மிஷன் காலத்துப் பழைய கோயில், உயரமான கூரை, மெதுவாகச் சொன்னாலே எதிரொலிக்கும். சபை முழுவதும் சிரித்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கேள்வியையும் கொஞ்சம் கேட்டுக்கம்மா" என்றார். அத்தான் காதுவரை சிவந்துபோய் நின்றார்.

அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. பெரிய வெள்ளிக்கிழமைக்கு எங்கள் வாலிபர் சங்கம் நாடகம் போடும். அதுவும் ஒரு விசாரணைதான், ஒரே மேடை, ஒரே அறை. தீர்ப்புச் சொல்கிற தேசாதிபதி வேஷம் எனக்கு. வாயைத் திறக்கும் முன் நான் சும்மா நிற்பேன். அத்தனை பெஞ்சும் அமைதியாகிவிடும். சும்மா நிற்பதற்கு இத்தனை சக்தியா என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பெண்கள் பக்கம் கூட்டத்தில் கத்துகிற வேஷம் அக்காவுக்கு. ஒவ்வோர் ஆண்டும் நான் நிற்க வேண்டிய நேரம் நிற்பதற்குள் அவள் கத்திவிடுவாள். திரைக்குப் பின்னால் வந்து சண்டை போடுவேன். "நீ இத்தற நேரம் நின்னா ஆளுவ ஒறங்கிப் போவாவ எலே" என்பாள்.

அவளுக்கு ஒரே மகள், ஷைனி. நெய்யாற்றின்கரையில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அத்தான் வளைகுடாவில். ஒரு நாள் காலையில் அம்மாவும் மகளும் பேருந்துக்காகப் புது பைபாஸைக் கடந்தார்கள். அக்கா இந்தப் பக்கம் வந்துவிட்டாள். ஷைனி செருப்பு வார் அவிழ்ந்து இரண்டடி பின்தங்கினாள். வெள்ளைக் கார் வந்தது.

இடித்த கார் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. பின்னுக்கு வந்து, திரும்பியது. அக்கா அதற்கு நேர் எதிரே ரோட்டில் உட்கார்ந்து மகளை மடியில் போட்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். ஒற்றசேகரமங்கலம் பக்கம் பாறைக் குவாரி வைத்திருக்கும் முதலாளியின் மகன். அவன் இறங்கவில்லை. வளைத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள், வண்டியை ஓட்டியது நான்தான் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வீட்டு டிரைவர் வந்து நின்றார். பாவம், அவருக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு. ஆனால் அக்கா விடவில்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே கிளம்பிவிட்டாள். ஒவ்வோர் ஆபீஸ் படியிலும் ஏறி, எல்லோரிடமும் அதே ஒரு வார்த்தையைச் சொன்னாள். "நான் கண்டேன். அவனாக்கும் ஓட்டினது." அலைந்து அலைந்து, கடைசியில் மகனையே பிரதியாகச் சேர்த்தார்கள். அவன் கூண்டில் ஏறியது அக்காவின் அந்த ஒரு சொல்லால்தான். அவனை உள்ளே அனுப்பவும் அந்த ஒரு சொல்தான் இருந்தது. வேறு சாட்சி கிடையாது.

வழக்கு ஆண்டுக்கணக்கில் தள்ளித் தள்ளிப் போனது. ஒவ்வொரு தடவையும் வெள்ளைச் சேலையைத் தேய்த்து உடுத்துக்கொண்டு போவாள். மாற்றி வைத்துவிட்டார்கள் என்று திரும்பி வந்து, அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுவாள்.

ஷைனியின் மேசை

அந்தச் சமயத்தில்தான் என்னிடம் அந்தப் படம், வாசகர் கேட்டாரே அதே நீதிமன்றப் படம், வந்தது. இயக்குநர் சொன்னார்: "உங்க ஊர்ப்பக்கம் கோர்ட் இருக்குமே, ரெண்டு நாள் போய் உட்கார்ந்து பார்த்துட்டு வாங்க. நிஜ கோர்ட்ல மௌனம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணும்."

அக்காவின் சாட்சி விசாரணைக்குக் கடைசியாக ஒரு தேதி உறுதியான வாரம் அது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா வீட்டின் கிழக்கு அறை ஷைனியுடையது. அவள் எழுதி ஒட்டிய பாட அட்டவணை சுவரில் அப்படியே இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டின் வாடை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அவளுடைய படிப்பு மேசையை மாஜிஸ்திரேட்டின் மேசை என்று வைத்துக்கொண்டோம். சாப்பாட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகைச் சாட்சிக் கூண்டு என்றோம். நான்தான் வக்கீல்.

"அந்தக் காரை ஓட்டியது..."

"அவன்தான்! நான் கண்டேன்!"

"எக்கா, கேட்டு முடிக்கட்டும்."

"முடிச்சா மட்டும் வேற ஆளா ஆயிருவான்?"

மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அப்படியேதான். பட்டாசு மாதிரி வெடித்தது பதில். எனக்குப் பயம் வந்துவிட்டது. இது பொய்ப் பயம் இல்லை, அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். இவ்வளவு வேகமாகச் சொன்னால் யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறாள் என்றுதானே நினைப்பார்கள்?

"கேட்டு முடிச்ச ஒடனே சொல்லாதக்கா. மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணு. மொதல்ல வக்கீலப் பாரு. அப்புறம் டைப் அடிக்கவங்கள. பொறவு போலீஸ்காரன. கடேசில அவன். அப்பத்தான் கைய நீட்டணும்."

"என்னத்துக்கு எண்ணணும்? கண்டதச் சொல்லதுக்கு எண்ணவா வேணும்? கண்டது பறஞ்சா போரும்னுதானே அந்த வக்கீலும் சொன்னாரு?"

"பட்டுனு சொன்னா மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான்னு நெனைப்பாவ. நிறுத்திச் சொன்னா அத்தன பேரும் ஒன் வாயத்தான் பாப்பாவ. எனக்கு இதாக்கும் தொழிலு. நம்புக்கா."

அக்கா நாற்காலி முதுகிலிருந்து கையை எடுத்தாள். "எலே, இது சினிமாவுக்கா, கேஸுக்கா?"

"கேஸுக்குத்தான்க்கா."

அது பாதிப் பொய். நாலாம் முறையோ ஐந்தாம் முறையோ அக்கா அதைச் சரியாகச் செய்தாள். எண்ணினாள், பார்த்தாள், கடைசியில் காலியாகக் கிடந்த மூலையை நோக்கிக் கையை நீட்டினாள். அந்தக் கை நடுங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே சட்டைப் பையிலிருந்த நோட்டை எடுத்து எழுதினேன்: "கண் போகும் வழி — வக்கீல், டைப்பிஸ்ட், போலீஸ், அவன். கை நடுக்கம் வேண்டும்." அக்கா நாற்காலியைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள், நான் எழுதியதைப் பார்க்கவில்லை. இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

பதினொன்று

நிஜ நீதிமன்றத்தில் மௌனமே கிடையாது. நான் பார்த்தது இதைத்தான். ஒரு பக்கம் பேர் கூப்பிடுகிறார்கள், இன்னொரு பக்கம் வக்கீல்கள் அடுத்த வழக்கின் காகிதத்தைப் புரட்டுகிறார்கள், யாரும் யார் வாயையும் பார்ப்பதில்லை. கேள்வி, பதில், தட்டச்சு. கேள்வி, பதில், தட்டச்சு. ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓட்டத்தில் ஒருவர் நின்றால், நின்றது மட்டும்தான் கண்ணில் படும்.

அக்கா நின்றாள்.

வக்கீலைப் பார்த்தாள். சாவிப் பலகையில் விரலை வைத்துக் காத்திருந்த பெண்ணைப் பார்த்தாள். நான் நான்கு என்று எண்ணியிருந்தேன். வாசலில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்தாள். ஏழு. ஷைனியின் அறையில் மூன்றாக இருந்தது இங்கே நீண்டுகொண்டே போனது. அவளுக்குப் பயம். பயத்தில் எண்ணுகிறவர்கள் மெதுவாகத்தான் எண்ணுவார்கள். இது எனக்குத் தோன்றாமல் போயிற்று.

இளம்வயது மாஜிஸ்திரேட் அம்மையார் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். அடுத்த வழக்கின் வக்கீல்களும் திரும்பினார்கள். அறை முழுக்க அக்காவைப் பார்த்தது. என் நெஞ்சு பூரித்தது. வேறு வார்த்தை போட்டு மழுப்ப விரும்பவில்லை. பூரித்தது.

பதினொன்றில் அக்கா கையை நீட்டினாள். "இந்த ஆளாக்கும். நான் கண்டேன்."

மாஜிஸ்திரேட் தட்டச்சு செய்யும் பெண்ணின் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவள் அடித்தாள். ஒரு வரிப் பதிலுக்கு எதற்கு இவ்வளவு அடிக்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். வயதானவர், சாந்தமான குரல். "அம்மே, இத்ர நேரம் ஆரெயா நோக்கியது?" இவ்வளவு நேரம் யாரைத் தேடிப் பார்த்தீர்கள் அம்மா என்று கேட்டார்.

அக்கா கூட்டத்துக்கு மேலே கடைசி பெஞ்சைப் பார்த்தாள். என்னை. ஒரே ஒரு பார்வைதான். தம்பி சொல்லித்தந்தான் என்று சொன்னால், சொல்லிக்கொடுத்த சாட்சி ஆகிவிடும், தம்பியும் மாட்டிக்கொள்வான். எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவளுக்குப் பொய் சொல்லவும் வராது.

போதகர் கேட்டு முடிக்கும் முன் சம்மதம் சொன்னவள், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றாள். நான் எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். வெளியே வந்ததும் சர்க்கார் வக்கீலிடமாவது சொல்லியிருக்கலாம். என் குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காகிதத்தில் இருந்தது

தீர்ப்பு வந்தது. விடுதலை. சாட்சி விசாரணையின் நகலை வாங்கிப் படித்தேன். அக்காவின் பதிலுக்குக் கீழே அந்தப் பெண் அன்று அடித்தது இருந்தது: சாட்சி நெடுநேரம் மௌனமாக நின்று, அறையில் உள்ள பலரையும் பார்த்த பிறகே பிரதியைக் காட்டினார். மௌனத்துக்குக் காரணம் கேட்டபோது பதில் இல்லை.

மாஜிஸ்திரேட்டைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருந்தார். அந்த அறையில் உண்மையைப் பார்த்தபடியே சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அக்கா, இன்னொருவர் அவர். கூண்டில் நிற்கிறவன்தான் பிரதி என்று யாருக்கும் தெரியும், தேடிப் பார்த்து அவனைக் காட்டியதில் என்ன இருக்கிறது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. டிரைவர் வந்து, நான்தான் ஓட்டினேன் என்றார். அவர் கேட்ட உடனே சொன்னார். சந்தேகத்தின் பலன் குவாரிக்காரர் மகனுக்குப் போனது.

மேல்கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். சர்க்கார் வக்கீல் தலையை ஆட்டினார். போகலாம், ஆனால் அங்கே இந்த அம்மாவை மறுபடியும் கூண்டில் ஏற்ற மாட்டார்கள், காகிதத்தைத்தான் படிப்பார்கள் என்றார்.

திரும்பிப் போகும் பேருந்தில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பேருந்து பாறசாலையைத் தாண்டியது. நான் அழுவதைப் பார்த்ததும் என் முழங்காலில் கையை வைத்தாள்.

"போட்டும் மக்கா. நீ எனக்கு நல்லது வரணும்னுதானே சொல்லித் தந்த."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சட்டைப் பையில் அந்த நோட்டு இருந்தது. அதை எடுத்து அவள் மடியில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அக்கா இந்த இதழ் வாங்குவதில்லை. ஆனால் காரோட்டில் யாராவது ஒருவர் கொண்டுபோய்க் காட்டத்தான் செய்வார்கள். காட்டட்டும்.

கைதட்டல்

படம் வெளியாகி நன்றாக ஓடியது. அந்த மௌனம்தான் படத்தின் உயிர் என்று எழுதினார்கள். அந்தக் காட்சியை நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்டும் மேசையில் என்னிடம் வந்தபோது அதைச் சரியாகவே வெட்டினேன்.

அக்கா பார்க்க வேண்டும் என்றாள். எவ்வளவோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. நெய்யாற்றின்கரையில் பகல் காட்சிக்குப் போனோம். அதே வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

திரையில் ஒரு தாய் கூண்டில் நின்றாள். வக்கீல் கேட்டார். மின்விசிறியின் சத்தத்தை நான் எடுத்திருந்த இடம் வந்தது. திரையரங்கில் ஓர் அசைவு இல்லை. அவள் கண் வக்கீலிடம் போனது, தட்டச்சு செய்யும் பெண்ணிடம், போலீஸ்காரரிடம், அவனிடம். கை எழுந்தது. நடுங்கியது. எங்களைச் சுற்றி இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படத்தில் நீதிபதியும் அந்தத் தாயை நம்பினார்.

அக்கா கைதட்டவில்லை, அழவும் இல்லை. சத்தம் அடங்கும் வரை காத்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மக்கா, இவ எத்தற எண்ணினா?"

"மூணுக்கா."

அவள் மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"நானும் மூணுதானே எண்ணினேன்" என்றாள்.